அலங்காரக்காரிக்கு முடி கொட்டினால்

பதுளை பஸ் நிலையத்திலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால், ஒரு மருந்துக்கடையின் மாடியில் என்னுடைய பியூட்டி பார்லர் இருக்கிறது. பெரிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, தலை கழுவ ஒரு பேசின், சுவரில் ஒரு படம், அவ்வளவுதான். படத்தில் இருப்பது நான். சடை இடுப்பைத் தாண்டித் தொங்கும். மற்ற பார்லர்களில் நடிகை படத்தை மாட்டியிருப்பார்கள். எனக்கு அந்த அவசியம் இருக்கவில்லை.

நமுனுகுலப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள் நான். படிப்பு பெரிதாக ஏறவில்லை. ஆனால் யாருடைய தலையாவது கைக்கு எட்டினால் போதும், பின்னிவிடுவேன். "கூந்தல் இருக்கிற மகராசி அள்ளி முடியிறா" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் பொருமுவதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்ததால் கொஞ்சம் திமிரும் உண்டு. அந்தத் திமிரைத்தான் பிற்பாடு தொழிலாக்கிக்கொண்டேன். ஊவா பக்கம் எந்தத் தோட்டத்தில் கல்யாணம் என்றாலும் மணப்பெண் அலங்காரத்துக்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள் என்று சொன்னால் பொய். பாதிப் பேர் கூப்பிடுவார்கள்.

எனக்கு முடி கொட்டுகிறது என்பதை எல்லோருக்கும் கடைசியாகக் கண்டுபிடித்தவள் நான்தான். பார்லர் தரையில் நாள் முழுக்க முடிதானே கிடக்கும்? யார் வீட்டு முடியோ என்று பெருக்கித் தள்ளிவிடுவேன். ஒருநாள் காலையிலிருந்து அடை மழை. ஓர் ஆள்கூட வரவில்லை. சும்மா இருக்கப் பிடிக்காமல் கண்ணாடி முன்னால் உட்கார்ந்து என் தலையையே சீவிப் பின்னி, அவிழ்த்து, மறுபடி பின்னிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் வழக்கம்போலப் பெருக்கினால் வழக்கமான அளவு முடி தரையில் கிடந்தது. அன்றைக்கு அந்தக் கடையில் இருந்த ஒரே தலை என்னுடையது.

பயந்துவிட்டேன். அழகு போகிறதே என்ற கவலை அப்புறம் வந்தது. முதலில் வந்தது பிழைப்பைப் பற்றிய பயம். பல் இல்லாத பல் டொக்டரிடம் யாராவது போய் வாயைத் திறப்பார்களா? முடி இல்லாத அலங்காரக்காரியிடம் எந்தத் தாய் தன் பெண்ணின் தலையைக் கொடுப்பாள்? ஆவணி பிறந்தால் வரிசையாக முகூர்த்தம். அதற்குள் என் தலை பழையபடி ஆகாவிட்டால் கடையைப் பூட்டிவிட்டு நானும் அம்மாவோடு கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர். கல்யாணத்தன்றே நெற்றி எது, தலை எது என்று எல்லை பிரிக்க முடியாத மனிதர். சந்தனம் பூசிய என் மாமாவே, எதுவரைக்கும் பூசுவது என்று தடுமாறினார். அதை யாரும் குறையாகச் சொன்னதில்லை. "வழுக்கை விழுந்தா காசு சேரும்" என்று வாழ்த்தத்தான் செய்தார்கள். காசும் சேரவில்லை, முடியும் வரவில்லை, ஆனாலும் மனிதர் நிம்மதியாகத் தூங்குகிறார். ஆம்பிளைக்குப் போனால் அதிர்ஷ்டம், பொம்பிளைக்குப் போனால் அலங்கோலம்.

"ஷாம்பூவ நிப்பாட்டு" என்றார் அவர். ஷாம்பூ போடவே தேவையில்லாத தலையை வைத்துக்கொண்டு எனக்கு யோசனை.

அதற்கப்புறம் ஊரே வைத்தியம் பார்த்தது. கீழ்க் கடைக்காரர் பதுளைக் குழாய்த் தண்ணீர்தான் காரணம் என்றார். கோயில் பூக்காரம்மா, சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்குக் கண்ணூறு பட்டுவிட்டது, கழற்றி மிளகாய் சுற்றிப் போடு என்றார். ஈரத் தலையைக் கட்டிக்கொண்டதால் என்றாள் ஒருத்தி. போன் டவர் என்றாள் இன்னொருத்தி. இரண்டு தெரு தள்ளி இருக்கும் எதிரிப் பார்லர்க்காரி மட்டும் காரணம் எதுவும் சொல்லவில்லை. "ஐயோ பாவம்" என்றாள். எனக்கு அதுதான் அதிகம் எரிந்தது. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுவதில் நம்மவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. என் விஷயத்தில் முழங்கால் ஏராளமாக இருந்தது, மொட்டைத் தலைதான் தயாராகிக்கொண்டிருந்தது.

தோட்டத்துக்குப் போனபோது அம்மா என் சடையைக் கையில் தூக்கி எடை பார்த்தாள். அம்மா இன்னமும் கொழுந்து பறிக்கிறாள். எடை விஷயத்தில் அவள் கையை ஏமாற்ற முடியாது.

"என்னாடி, பாதிகூட இல்ல?"

"கொட்டுதும்மா."

"வெள்ளிக்கெழமயில நுனி வெட்டியிருப்ப. ஊருக்கெல்லாம் வெட்டுறேன்னு நாளு கெழம பாக்கறதில்ல நீ."

நான் எதையும் விடவில்லை. செம்பரத்தம்பூ, கறிவேப்பிலை, வெந்தயம் எல்லாம் போட்டுத் தேங்காய் எண்ணெய் காய்ச்சினேன். முட்டை அடித்துப் பூசினேன். அதை வெந்நீரில் கழுவப் போய், தலைக்குள்ளே முட்டை வெந்து, ஒரு வாரம் பொறுக்கி எடுத்தேன். போன் வீடியோவில் ஒரு பெண் சின்ன வெங்காயச் சாறு தடவச் சொன்னாள். அவளுக்கு முழங்கால் வரை முடி. தடவினேன். அது காய்வதற்குள் ஒரு மணப்பெண் தாயோடு கடைக்கு வந்துவிட்டாள். தாய் மூக்கை உறிஞ்சி, "மேல வீட்டுல ஏதோ வதக்குறாங்க போல" என்றார். எங்களுக்கு மேலே வீடு கிடையாது, கூரைதான். ஆமாங்க என்று சொல்லிவிட்டேன்.

எல்லாம் தடவி முடிந்தபோது எண்ணெய்க்கு வழுக்கியதோ என்னவோ, முன்னைவிட வேகமாகக் கொட்டியது. எனவே தொழில் தெரிந்தவள் செய்கிற காரியத்தைச் செய்தேன். சவுரி வைத்துக்கொண்டேன். மணப்பெண்களுக்குச் சடையை நீளமாக்க வைத்திருந்ததில் நல்லதாக ஒன்றைப் பார்த்து எடுத்து, என் குட்டைச் சடையோடு சேர்த்துப் பின்னிவிட்டேன். சுவரில் இருந்த படத்துக்கும் எனக்கும் மறுபடியும் ஒற்றுமை வந்தது. கொஞ்ச காலம் நன்றாகத்தான் ஓடியது.

பெரகல சந்தியில் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகளுக்குக் கல்யாணம். விடிந்ததும் அலங்காரத்துக்குப் போயிருந்தேன். அங்கே எப்போதும் காற்று அடித்துத் தள்ளும். ஜன்னலைச் சாத்தினால் வெளிச்சம் போதாது என்று வீடியோக்காரர் திறந்து வைத்திருந்தார். மணப்பெண்ணைக் குனிய வைத்துச் சடையில் பூ தைத்துக்கொண்டிருந்தேன். காற்றில் என் சடை தோளைத் தாண்டி முன்னால் வந்து விழுந்தது. அந்தப் பிள்ளை கையைத் தூக்கி நெற்றிச்சுட்டியைச் சரிசெய்யப் போனாள். அவள் கையில் போட்டிருந்த வங்கியில் என் சடை மாட்டியது. அவள் கையை இறக்கினாள். என் சடை அவளோடு போய்விட்டது.

"பாம்பு! பாம்பு!" என்று யாரோ கத்தினார்கள். மணப்பெண் எழுந்து கையை உதறினாள். சவுரி பறந்து போய் நிறைகுடத் தட்டில் விழுந்தது. எல்லோரும் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள். மணப்பெண்ணின் பெரியம்மா மட்டும் தைரியசாலி. விளக்குமாற்றின் நுனியால் அதைத் தூக்கிப் பார்த்தார்.

"பாம்பு இல்ல. பார்லர்க்கார தங்கச்சியோட சட" என்றார், சபைக்கெல்லாம் கேட்கும்படி.

முதலில் சிரித்தது மணப்பெண்தான். அப்புறம் அடக்க முடியாமல் வீடே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே மிச்சப் பூவைத் தைத்து முடித்தேன். பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகு அழுதேன். பண்டாரவளை வரைக்கும் அழுதேன். வீடியோக்காரர் கேமராவை நிறுத்தவே இல்லை என்பது மறுநாள்தான் தெரிந்தது. யாரோ அந்தத் துண்டை மட்டும் வெட்டி எல்லோருக்கும் அனுப்பியிருந்தார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை, ஊர் போனை மூட எதுவுமே இல்லை. ஆவணிக்குச் சொல்லியிருந்த இரண்டு கல்யாண வீட்டார், வேறு ஆள் பார்த்துக்கொண்டதாகச் சொல்லிவிட்டார்கள். யாரைப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு தெரு தள்ளி.

அப்போதுதான் டொக்டரிடம் போகலாம் என்று புத்தி வந்தது. பதுளையில் தோல் வியாதிக்குப் பார்க்கும் பெண் டொக்டர் ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடிக்கு மேலால் பார்க்கும் பார்வை. வீட்டுக்காரரும் கூட வந்தார். நாங்கள் உள்ளே நுழைந்ததும் டொக்டர் அவருடைய தலையைப் பார்த்துவிட்டு, "இருங்கோ, எப்ப துவங்கினது?" என்று அவரைத்தான் கேட்டார்.

"எனக்கில்லைங்க, அவளுக்கு" என்றார் இவர். அதோடு விட்டிருக்கலாம். "இருந்தாலும் சும்மா கேக்குறேன், எனக்கு ஏதும் செய்யலாமாங்க?"

"உங்கட அப்பாவுக்கும் இப்பிடியோ?"

"ஆமாங்க. தாத்தாவுக்கும்."

"அப்ப இது அவையள் தந்த சொத்து. பூசுற மருந்து இருக்கு. கொஞ்சம் பலன் தரும். ஆனா விடாமப் பூச வேணும். விட்டா வந்ததும் போயிடும்."

"எவ்வளவு காலத்துக்குங்க?"

"இருக்கிற காலத்துக்கு."

இவர் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "அப்ப இருக்கட்டுங்க" என்று சொல்லி வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். முன்னோர் சொத்தை இவ்வளவு மரியாதையாக ஏற்றுக்கொண்ட ஆளை நான் பார்த்ததில்லை.

என் முறை வந்தது. டொக்டர் என் சடையிலிருந்து ஒரு கொத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தார். கையோடு வந்தது. உச்சியைப் பார்த்தார். கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், நகத்தைப் பார்த்தார். கடும் காய்ச்சல் வந்ததா, பிள்ளைப்பேறு சமீபத்திலா, சாப்பாட்டைக் குறைத்தீர்களா, மாதவிலக்கு எப்படி என்று கேட்டுக்கொண்டே போனார். தலை மேலே இருக்கிறது, இவர் எங்கெங்கோ போகிறாரே என்று எனக்கு ஒரு மாதிரி இருந்தது. ஆனால் மாதவிலக்கு என்றதும் உண்மையைச் சொன்னேன். ரொம்ப நாளாகவே அளவுக்கு மிஞ்சித்தான் போய்க்கொண்டிருந்தது. அதை யாரிடம் போய்ச் சொல்வது? முடி கொட்டினால் ஊரே வைத்தியம் சொல்லும், இதைப் பற்றி வாயைத் திறந்தால் ஊரே வேறு பக்கம் பார்க்கும்.

இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். தைரொயிட்டில் ஒன்றும் இல்லை. இரும்புச் சத்துத்தான் அடிமட்டத்துக்குப் போயிருந்தது.

"உடம்பு கெட்டிக்காரி" என்றார் டொக்டர். "கையில இருக்கிறது காணாதெண்டா, இருதயத்துக்கும் மூளைக்கும் குடுத்துப்போட்டு மயிருக்குக் குடுக்கிறதை முதல்ல வெட்டும். நீங்கள் மேல எண்ணெய் ஊத்துறியள், கீழ வேருக்குச் சாப்பாடு இல்லை." மாதவிலக்குக்கு வேறொரு டொக்டரிடம் அனுப்பினார். இரும்பு மாத்திரை எழுதினார். தினமும் தவறாமல் போடச் சொன்னார்.

தவறாமல் போட்டேன். அதில் மட்டும் என்னைக் குறை சொல்ல முடியாது. வெள்ளி, செவ்வாய், திருவிழா என்று பார்க்காமல் போட்டேன். மாதவிலக்கும் ஓரளவு கட்டுக்குள் வந்தது. ஆனால் பார்லர் தரையில் முடி குறையவில்லை. சொன்ன காலம் கழித்து மறுபடியும் இரத்தம் கொடுத்தேன். டொக்டர் அந்தத் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாத்திரை போடுறனீங்களோ, இல்லாட்டி பூமரத்துக்குப் போடுறனீங்களோ?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "என்னாங்க இப்படிக் கேக்குறீங்க? காலையில எழும்புனதும் மொத வேல அதுதாங்க. சூடா ஒரு சாயத்தண்ணி ஊத்தி, அதோடதான் முழுங்குறேன்."

டொக்டர் பேனாவை மேசையில் வைத்தார். "என்னத்தோட?"

"சாயத்தண்ணிங்க. பால் போடாத தேத்தண்ணி."

"ஒவ்வொரு நாளும்?"

"ஒருநாள் தவறலைங்க" என்றேன் பெருமையாக.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணியில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளுமாம், உடம்புக்குள் சேர விடாதாம். நான் இத்தனை நாளும் ஒரு கையால் இரும்பைக் கொடுத்து, மறு கையால் பிடுங்கியிருக்கிறேன்.

என்னை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? நமுனுகுல மலையில் விடிகிற குளிருக்கு யாராவது பச்சைத் தண்ணீர் குடிப்பார்களா? எங்கள் வீட்டில் வயிற்று வலி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, பூச்சி மாத்திரை எதுவானாலும் அம்மா சாயத்தண்ணியோடுதான் கொடுப்பாள். ரொட்டிக்குத் தேத்தண்ணி, சோற்றுக்குப் பின்னால் தேத்தண்ணி, விருந்துக்கும் அதுதான், சாவு வீட்டிலும் அதுதான். ஊருக்கே தேயிலை பறித்துக் கொடுக்கிற சனம், அதை நம்பாமல் வேறு எதை நம்பும்?

இனிமேல் மாத்திரைக்குப் பக்கத்திலும் சாப்பாட்டுக்குப் பக்கத்திலும் தேத்தண்ணி வரக்கூடாது, தேசிக்காய் புளி பிழிந்த தண்ணீரோடு போடுங்கள், இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு வேண்டுமானால் குடியுங்கள் என்று கட்டளை ஆயிற்று. கீரை, பருப்பு, நெத்தலி, ஈரல் எல்லாம் சொன்னார். அவையெல்லாம் கஷ்டமில்லை. கஷ்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வீட்டில் காத்திருந்தது.

சோறு சாப்பிட்டு முடித்ததும் அம்மா வழக்கம்போலக் கோப்பையை நீட்டினாள். வேண்டாம் என்றேன். அம்மா கோப்பையை நீட்டியபடியே நின்றாள். எங்கள் லயத்தில் கையில் கொடுத்த தேத்தண்ணியை மறுப்பது என்றால், சண்டை என்று அர்த்தம். சண்டைக்காரர்களே சமாதானம் பேச வந்தால் முதலில் தேத்தண்ணியைத்தான் குடிப்பார்கள்.

"ஏன், பதுளையில வேற நல்ல தேத்தண்ணி குடுக்கறாங்களா?"

"அதில்லம்மா. டொக்டர் சாப்பாட்டோட வேணாம்னாங்க. தேத்தண்ணிதான் இரும்பச் சேர விடாம பண்ணுதாம். அதுனாலதான் முடி கொட்டுதாம்."

"தேத்தண்ணியா?" அம்மாவுக்கு மூச்சே நின்றுவிட்டது. "அந்த டொக்டரு எந்த ஊரு?"

"யாழ்ப்பாணம்."

"அதானே பாத்தேன். கெணத்துத் தண்ணி குடிச்சு வளந்தவங்க. அவங்களுக்கு என்னா தெரியும்?" கோப்பையை மடமடவென்று தானே குடித்து முடித்தாள். "நானுந்தான் காலம் பூரா குடிக்கிறேன். எனக்கு என்னா கொறஞ்சு போச்சு?"

பக்கத்து வீடுகளுக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது. பதுளைக்குப் போனதும் அவளுக்கு நம்ம தேத்தண்ணி எளக்காரமாப் போச்சு என்று பேசிக்கொண்டார்கள். நான் தேசிக்காய்த் தண்ணீரைப் போத்தலில் கட்டிக்கொண்டு போய், அவர்கள் முன்னாலேயே குடித்தேன். எனக்கும் திமிர் இருக்கிறது என்றேனே.

முடி மெதுவாகத்தான் கேட்டது. முதலில் பார்லர் தரை கொஞ்சம் சுத்தமானது. பிறகு நெற்றி ஓரத்தில் சின்னச் சின்ன முடி எழுந்து நின்றது. "என்னாக்கா, கரண்ட் அடிச்ச மாதிரி இருக்கு?" என்று ஒருத்தி கேட்டாள். அவளுக்கு அன்றைக்கு இலவசமாகப் புருவம் திருத்தி அனுப்பினேன். அந்த ஆவணி போனது போனதுதான். ஆனால் தை மாதத்துக்கு மூன்று வீட்டார் வந்து கேட்டார்கள். அதில் ஒருவர் பெரகலப் பெரியம்மா. தன் சொந்த மகளுக்கு. என் சடையைப் பிடித்து ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நாள் சொன்னார்.

அம்மாவிடம் காட்ட ஓடினேன். அம்மா சடையை எடை பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"முருகன் கண்ணத் தொறந்துட்டான்" என்றாள்.

"முருகன் இல்லம்மா, இரும்பு மாத்திரை."

"அவன்தான் டொக்டரு வேசத்துல வந்துருக்கான். ஒனக்கு முடி வளந்தா கதிர்காமத்துல முடி எறக்குறேன்னு நேத்தி வெச்சிருந்தேன். அடுத்த பௌர்ணமிக்குப் போவம்."

எனக்குத் தலை சுற்றியது. வளர்ந்தால் மொட்டை போடுகிறேன் என்று வளர்வதற்கு வேண்டுதல் வைக்கிற அறிவாளி உலகத்தில் என் அம்மா ஒருத்திதான். "நீ எல்லாம் ஒரு தாயா? தை மாசம் கையில மூணு கல்யாணம் இருக்கு. மொட்டத் தலையோட போயி மணப்பொண்ணுக்குப் பூ வெக்கச் சொல்றியா?" என்று கத்தினேன். அம்மா வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, "நேத்தின்னா நேத்திதான்" என்றாள்.

வீட்டுக்காரர் ஓட்டுவதற்கு வான் ஒன்று பிடித்து மொனராகலை வழியாகப் புறப்பட்டோம். வழியெல்லாம் பேரம் பேசினேன். பூமுடி கொடுக்கலாம், மூன்று விரல் அளவுக்கு நுனியை வெட்டிக் கொடுத்தால் சாமி ஏற்றுக்கொள்ளும், எத்தனையோ பொம்பிளைகள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றேன். சாமி அளவில் ஏமாற்றிவிடக்கூடாது என்று என் பார்லர் கத்தரிக்கோலையே கைப்பையில் கொண்டு போயிருந்தேன். அம்மா ஜன்னல் வழியாகக் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாள். வாய்க்குள்ளே சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள் என்பதை நான் கவனிக்கவில்லை. வீட்டுக்காரர் மட்டும், "எனக்கு அந்தச் சாமிகிட்ட எந்தக் கணக்கும் இல்ல" என்று நிம்மதியாக வண்டி ஓட்டினார்.

மாணிக்க கங்கையில் குளித்தோம். முடி இறக்கும் இடத்துக்குப் போனோம். நாவிதர் கத்தியில் புது பிளேட்டைப் போட்டுக்கொண்டு, "யாரு உக்காருறது?" என்றார். நான் கத்தரிக்கோலை எடுத்தேன். என்னைத் தள்ளிவிட்டு அம்மா போய் மணையில் உட்கார்ந்தாள்.

"அம்மா, என்னா செய்யிற?"

"ஏன்டி, ஒன் தலைய வெச்சு நான் எப்படி நேத்தி வெக்கிறது? எனக்குச் சொந்தம் என் தலதானே" என்றாள். இப்போது வெளிப்படையாகவே சிரித்தாள். வழியெல்லாம் என்னைக் கதற விட்டு வேடிக்கை பார்த்திருக்கிறாள்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. வேண்டாம்மா என்றேன். அம்மா கேட்கவில்லை. கொண்டையை அவிழ்த்தாள்.

வேலைக்குப் போகும்போது தலையில் துணி, வீட்டுக்கு வந்தால் முந்தானை, விடியுமுன்னே அவளே வாரி முடிந்த இறுக்கமான கொண்டை, இப்படித்தான் அம்மாவின் தலையை எனக்குத் தெரியும். ஒருமுறை நரைக்கு மை பூசிவிடுகிறேன் என்றதற்கு, மலையில் யார் என்னைப் பார்க்கப் போகிறார்கள் என்று தலையைக் கொடுக்க மறுத்துவிட்டாள். பதுளை முழுக்கத் தலை பார்த்த நான் அம்மாவின் தலையை இப்போதுதான் திறந்து பார்க்கிறேன்.

நாவிதர் தண்ணீர் தெளித்து முன்பக்கத்து முடியைப் பிரித்தார். உச்சிக்குச் சற்று முன்னால், ஒரு காதுப் பக்கத்திலிருந்து மறு காதுப் பக்கம் வரை, இரண்டு விரல் அகலத்துக்கு முடியே இல்லை. மழமழவென்று தோல் பளபளத்தது. நடுவில் லேசாகப் பள்ளம் விழுந்திருந்தது. பின்னால் இருந்த முடியை முன்னுக்கு இழுத்துவிட்டு அதை மறைத்து வைத்திருந்தாள். எந்த டொக்டரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முதுகில் தொங்கும் கொழுந்துக் கூடையின் கயிறு உட்காரும் இடம் அது.

நாவிதர் அந்த இடத்தைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் எனக்கு வேலயே இல்லம்மா. முன்னமே சாமிக்குக் குடுத்துட்டீங்க போல" என்று வேடிக்கையாகச் சொன்னார்.

"சாமிக்கில்லப்பா" என்றாள் அம்மா. "அது தோட்டத்துத் தொரைக்குக் குடுத்தது."

நாவிதர் சிரித்தார். வீட்டுக்காரரும் சிரித்தார். அம்மா அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தாள். தலை ஆடினால் கத்தி பட்டுவிடும் என்று நாவிதர் அதட்ட வேண்டியிருந்தது. நான் கத்தரிக்கோலைக் கைப்பைக்குள் வைத்துவிட்டு, விழுந்த முடியை மடியில் ஏந்திக்கொண்டேன். பாதி நரை, பாதி கறுப்பு. அவ்வளவு மென்மையான முடி. என் முடியைப் பற்றிப் பெருமையடித்த நாளெல்லாம், அது யாரிடமிருந்து வந்தது என்று நான் நினைத்ததில்லை.

அடுத்த முறை டொக்டரிடம் போனபோது அம்மாவின் தலையைப் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். அவர் இந்த முறை சிரிக்கவில்லை. இழுவையால் வந்தது என்றார். ஆரம்பத்திலேயே கயிற்றை எடுத்திருந்தால் திரும்ப முளைத்திருக்கும், இத்தனை வருஷம் போன பிறகு வேர் செத்துவிட்டது, மிச்சத்தையாவது காப்பாற்ற வேண்டுமானால் கயிறு அந்த இடத்தில் படக்கூடாது என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போய் அப்படியே சொன்னேன். அம்மா மொட்டைத் தலையில் துணியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கயித்த எடுத்துட்டா கொழுந்துக் கூட எங்கடி தொங்கும்? ஒன் டொக்டரு தலையிலயா?"

மணப்பெண்களின் கொண்டைக்குள் வைக்கும் ஸ்பொஞ்சை அவளுடைய தலைத்துணிக்குள் வைத்துத் தைத்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்து, "மெத்த மாதிரி இருக்குடி" என்றாள். மறு வாரம் போனபோது அவளோடு கொழுந்து பறிக்கிற பெண்கள் ஏழெட்டுப் பேர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். தங்களுக்கும் அப்படித் தைத்துத் தரச் சொல்லி வந்திருந்தார்கள். தேத்தண்ணி குடிக்காத திமிர்க்காரி என்று என்னைச் சொன்னவர்களும் இருந்தார்கள். அளவு பார்க்க வேண்டும், துணியை எடுங்கள் என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்து வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டு, ஒவ்வொருவராகத் துணியை அவிழ்த்தார்கள். நான் அளவு நாடாவை எடுத்தேன். எல்லோருக்கும் அதே இடம், அதே இரண்டு விரல்; ஒரே ஒரு தலைக்கு அளந்தால் போதுமாக இருந்தது.